இரண்டு நாளைக்கு ஒரு பக்கம்

காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதற்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் அட்டையையும் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பிரிண்ட் அக்கா. கடைக்கு வந்த இரண்டு பேர் காத்து நிற்கிறார்கள். "இருங்க, மஞ்சளைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்கிறார். மெஷினைச் சோதிக்க எடுக்கிற தாளில் நான்கு நிறத்திலும் வரிசையாகக் கோடுகள் இருக்கும்; வெள்ளையில் மஞ்சள் கோடு விட்டுப் போயிருந்தால் வெறும் கண்ணுக்கு லேசில் தெரியாது. நீலத்தின் வழியே பார்த்தால் மஞ்சள் கறுத்துத் தெரியும், எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகக் கண்டுபிடித்த அன்று தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கேள்வித்தாள் எடுக்கப் போன நானும் அப்படி மாட்டிக்கொண்டவள்தான்.

பல் டாக்டருக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற அறை அது. குறுக்கே ஒரு நீள மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் அக்காவும் அவருடைய இங்க் பிரிண்டரும். இந்தப் பக்கம் ஸ்டேப்ளர், பசை, கத்தரிக்கோலுடன் அவர் வீட்டுக்காரர். நான் டியூஷன் டீச்சர். வாரம் தவறாமல் அங்கே போய் நிற்கிறவள் என்பதால் அந்தக் கடையின் சட்டதிட்டங்கள் எனக்கு மனப்பாடம்.

முதல் சட்டம், மெஷினைச் சும்மா போடக் கூடாது. "ஓடற வரைக்கும் இவனுக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். உட்கார்ந்தா போச்சு" என்பார். மையைத் தெளிக்கிற ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக இருக்கின்றன. நாலைந்து நாள் விட்டால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு நாளைக்கு ஒரு பக்கமாவது கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் நான்கும் ஓடியே ஆக வேண்டும். யாரும் கலர் கேட்டு வரவில்லையென்றால் அகப்பட்டவர் தலையில் கட்டிவிடுவார். ஒரு வக்கீலின் வாடகை ஒப்பந்தம் மூலையில் சூரியகாந்தியோடு வெளிவந்தது இப்படித்தான். வக்கீல் முறைத்தார். "மஞ்சளுக்கு ரெண்டு நாளா வேலையில்ல சார். அதுக்குக் காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா. என்னுடைய அல்ஜீப்ரா தாளுக்கு ஒருமுறை நான்கு பக்கமும் ரோஜாக்கொடி கிடைத்தது. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டுப் பூவை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது சட்டம், மெஷினில் இருக்கிற பட்டனை அழுத்தித்தான் அணைக்க வேண்டும். சுவர் சுவிட்ச் பக்கம் கை போகக் கூடாது. "ஹெட்டு அதோட இடத்துக்குப் போய் மூடி போட்டுக்கணும். அதுக்குள்ள கரண்டைப் பிடுங்கினா, வாயைத் திறந்துக்கிட்டு தூங்கற கதைதான். காய்ஞ்சு போயிடும்." வெயில் காலத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பார், காற்றில் ஈரம் இருக்கட்டும் என்று. துடைக்கிற துணி நூல் விடக் கூடாது என்பதால் வருகிறவர்களின் கைக்குட்டையைக்கூட ஒரு மாதிரி பார்ப்பார். சுத்தம் செய்யக் காய்ச்சி வடித்த நீரும் ஊசியில்லாத சிரிஞ்சும் பல் டாக்டர் உபயம். பதிலுக்கு டாக்டரின் சுவரில் தொங்கும் பல் படங்கள் அத்தனையும் அக்காவின் கைவண்ணம், ஈறு மட்டும் கொஞ்சம் அநியாயச் சிவப்பு.

இந்தப் பாசத்துக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருஷம் வேறொருவர் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அங்கே கலர் மெஷினை முதலாளியைத் தவிர யாரும் தொடக் கூடாது. நாற்பத்தெட்டாவது வயதில் சொந்தமாக ஒன்று வாங்கி, முதல் தாள் எடுத்த அன்று அழுதேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் பழைய முதலாளியின் அதே சட்டத்தைத் தன் கடையில் வீட்டுக்காரருக்குப் போட்டார் என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கும். சொன்னால் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வருவார்.

வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை நிறுத்தினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தக் கை வீட்டிலும் கடையிலும் சும்மா இருக்குமா? நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், மெஷின் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடையின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். ஹெட் நடுவழியில் மூடியில்லாமல் ஒரு வாரம் கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கறுப்பு வரவில்லை. மனைவி பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கிளீனிங் பட்டனை அழுத்தினார். வரவில்லை, மறுபடி அழுத்தினார். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் மெஷின் மையை உறிஞ்சிக் கீழே கொட்டும் என்பது அவருக்குத் தெரியாது. அக்கா வந்து பார்த்தபோது நான்கு மை டேங்கும் அடிமட்டத்தில் இருந்தன. ஈரத்துணியும் வடிநீருமாக ஒன்பது நாள் போராடித்தான் ஹெட்டை மீட்டார்.

"திட்டியிருந்தா பரவாயில்ல டீச்சர்" என்று வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்கா திட்டவில்லை. "இனிமே நீங்க இந்தப் பக்கம் வராதீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மனிதர் மேஜையைத் தாண்டியதில்லை. ஒரு தாள் கீழே விழுந்து அந்தப் பக்கம் பறந்துபோனால்கூடக் கூப்பிட்டுத்தான் கேட்பார்.

இப்படியிருக்க, வெளியூரில் இருக்கிற மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. பயணம் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மாதான் போக வேண்டும், குறைந்தது நாற்பது நாள். அக்கா மூன்று நாளுக்கு மேல் கடையை விட்டுப் போனது அந்தக் கல்யாணத்துக்கு மட்டும்தான். "குழந்தை பிறந்ததும் ஓடி வந்துட்டு, மறுபடி வரேனே" என்று போனில் இழுத்தார்.  மகள், "உனக்கு நான் வேணுமா, அந்த மெஷின் வேணுமா, சொல்லிடும்மா" என்றாளாம். அதை என்னிடம் சொன்னபோது அக்காவின் குரல் இறங்கிவிட்டது.  நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் கையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க சாக்பீஸ் தூசியோட வருவீங்க" என்று தள்ளிவிட்டார்.

கடைசியில் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரரை அந்தப் பக்கம் கூப்பிட்டார். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவர் மேஜையைச் சுற்றி நடந்த நடையைப் பார்க்க வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். "ரெண்டு நாளைக்கு ஒரு பக்கம். எடுத்ததும் எனக்கு போட்டோ அனுப்பணும். கோடு விட்டுப் போச்சுன்னா கிளீனிங் ஒரு தடவை. ஒரே தடவை. வரலைன்னா அணைச்சு வெச்சுட்டு, காய்ஞ்ச மை ஊறட்டும்னு மறுநாள் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க" என்றார் அக்கா. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஒழுங்காகத்தான் போனது. பதினேழாம் நாள் மாலை நான் போனபோது அவர் கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார். கறுப்பில் மூன்று கோடு இல்லை. அன்று காலையில்தான் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் செய்தியைக்கூட என்னிடம் இரண்டாவதாகத்தான் சொன்னார். ஒரு தடவை கிளீனிங் கொடுத்தாயிற்று, கோடு வரவில்லை. "இன்னொரு தடவை அழுத்தினா வந்துடும்னு தோணுது டீச்சர்" என்றார். அழுத்தித்தான் பாருங்களேன் என்று நான் வாயைத் திறந்தேன். "பதினோரு தடவை அழுத்தினப்பவும் இப்படித்தான் தோணுச்சு" என்று சொல்லிவிட்டு, பட்டனை அழுத்தி மெஷினை அணைத்தார். மூடி போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை நின்றார். அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று போட்டோ போகவில்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை மூன்று கோடும் வந்துவிட்டன.

நாற்பத்தோராம் நாள் அக்கா பையும் கையுமாக நேரே கடைக்கு வந்தார். அவர் தலை தெரிந்ததுமே வீட்டுக்காரர் மேஜையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு ஃபைலை நீட்டினார். எடுத்த தாள்கள் அத்தனையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும், பஸ் ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட் எழுதிய அதே கையெழுத்தில் நாள், மணி, நிலவரம். அக்கா ஒன்றொன்றாகப் புரட்டி அந்தத் தாளில் நின்றுவிட்டார். 'கறுப்பு மூன்று கோடு இல்லை. கிளீனிங் ஒரு தடவை. காத்திருக்கிறேன்.' நானாக இருந்தால் அதை என்றைக்கோ கிழித்துப் போட்டிருப்பேன்.

"இதை ஏன் எனக்கு அனுப்பல?"

"அன்னிக்குத்தானே குழந்தை பிறந்துச்சு" என்றார் அவர். "இதை அனுப்பியிருந்தா நீ அதைக் கையில வெச்சுக்கிட்டு இதையே நினைச்சுக்கிட்டு இருந்திருப்ப."

 அக்கா தாளைப் பார்த்தபடியே இருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரிப் பெண் வந்து, கலரில் இரண்டு காப்பி வேண்டும் என்று ஒரு படிவத்தை நீட்டினாள். வீட்டுக்காரர் அதை வாங்கி வழக்கம்போல மனைவியிடம் கொடுக்கப் போனார். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா அதை வாங்கவில்லை. இரண்டு காலையும் மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, அவர் மெஷினிடம் போவதற்கு வழிவிட்டார்.