வெற்று உரல்

நிவாரண மையத்தில் என் வானொலிக் கருவி உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் தொலைபேசிகள் செத்துவிட்டால், உரிமம் பெற்ற எங்களைப் போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். மண்டபத்தின் பின்னால் யாரோ சம்பால் துவையலுக்கு மிளகாய் இடிக்கத் தொடங்கினார்கள். இரைச்சலும் இடியும் ஒன்றாகக் காதில் விழுந்ததும், நான் காஜா பேராங் ஊரில் இருந்த எங்கள் பழைய வீட்டுச் சிறுமியாகிவிட்டேன்.

சண்டையில் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். வெளிநாட்டுச் செய்தி கேட்டால் தலை போய்விடும். சாயங்காலமானால் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு ரேடியோவோடு ஒட்டிக்கிடப்பார். அந்த இரைச்சல் தெருவுக்குக் கேட்காமலிருக்க அம்மா கல்லுரலை இடிப்பாள். உரலில் ஒன்றும் இருக்காது. மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்த நாளில் இடிக்க என்ன இருக்கிறது?

ஒருநாள் பக்கத்து வீட்டு அஞ்சலை சித்தி விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. அறைக்குள் ரேடியோ இரைவது நன்றாகவே கேட்டது.

“தெனமும் வெறும் ஒரலை இடிக்கிறீங்களே அக்கா, வாசனை வராம எவன் நம்புவான்?” என்று முந்தானையிலிருந்த மிளகாயை உரலில் கொட்டினாள் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணன் என்ன சொல்றாரு? சண்டை எப்ப முடியுமாம்?” என்றாள்.

அம்மா சிரித்த சிரிப்பில் அப்பா போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து இருவரும் மாறி மாறி இடித்தார்கள். எங்கள் கிழங்குக்குச் சம்பால் கிடைத்தது. சித்திக்கு உலகச் செய்தி கிடைத்தது.

“ஆண்ட்டி, மீட்புப் படகுல இருக்கிறவங்க ரேடியோவுல பேசறது கேக்குதா? இடிக்கிறதை நிறுத்தச் சொல்லவா?” என்றான் நிவாரண மையத்தில் என் பக்கத்திலிருந்த தொண்டன்.

“வேணாம்யா, இடிக்கட்டும். அந்தச் சத்தம் இருந்தாத்தான் எனக்கு நல்லா கேக்கும்.”