வெங்காய ஜாம்

பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றிக்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எண்ணெய் விடாமல் அடி கனமான வாணலியில் போட வேண்டும். கொழுப்பு உருகி வர இருபது நிமிடம் ஆகும். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம் வதக்கி, அது சிவந்ததும் வெல்லம், வினிகர், மிளகு, அரைக் கோப்பை காபி டிகாக்‌ஷன். கிளறக் கிளறக் கறுத்துச் சுருண்டு வரும். இனிப்பும் உப்புமான ருசி. ரொட்டியில் தடவலாம், தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். கணவர் இருந்தவரை ஒரு பாட்டில் பத்து நாள்கூட வராது. இப்போது ஒரு மாதம் வருகிறது.

வீட்டில் இதற்கு வெங்காய ஜாம் என்று பெயர். செகந்திராபாத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம், வீட்டுக்காரர்கள் கீழே. பன்றி என்ற சொல் படியிறங்கிப் போய்விடக் கூடாது என்று கணவர் வைத்த பெயர் அது. பாட்டில் லேபிளிலும் அப்படியே எழுதுவேன். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் பிறருடைய தலைப்புகளைத் திருத்தியவள் நான். இந்தத் தலைப்பைத் திருத்த வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

கணவர் இறந்த பிறகு, வெளிநாட்டிலிருக்கும் மகன் ஹைதராபாத்தின் இன்னொரு கோடியில், கொண்டாப்பூரில் வாங்கிப் போட்டிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். லிப்டில் எல்லோரும் போனைப் பார்த்தபடி நிற்பார்கள். பேத்தி வீடியோவில் நான் பேசும் தமிழைக் கேட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சில நாட்களில் மாலை நான்கு மணிக்குத்தான் முதல் முறையாக வாய் திறப்பேன்.

நான்கு மணிக்கு எதிர் வீட்டு அம்மாள் வருவார். அவருடைய கணவர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிச் சைவக் குடும்பம். என் காபி மேல் நம்பிக்கை இல்லாததால் என் சமையலறையில் அவரே போடுவார். முதல் நாளே, “கறி கிறி மட்டும் தனியா வச்சிக்கிடுங்கக்கா, எனக்கு வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டார். பிரிட்ஜில் மேல் தட்டு அவருக்கு, கறி வைக்கும் கீழ்த் தட்டு எனக்கு என்று ஆயிற்று. இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

என் செகந்திராபாத் தமிழ் அவருக்கு வேடிக்கை.

“சீனி போடவாக்கா?”

“நக்கோ.”

“நக்கவா? எதை, டம்ளரையா கரண்டியையா?”

நக்கோ என்றால் வேண்டாம் என்று ஊருக்கு வந்த முதல் வாரமே அவருக்குத் தெரியும். இருந்தும் தினமும் கேட்பார், தினமும் சிரிப்போம்.

மார்ச்சில் ஒரு நாள் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தார். நான் வாசலில் கூரியருக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“வெங்காயத்துல ஜாமா? எனக்குக் குடுக்காம மறைச்சி வச்சித் திங்கிதியளா? எங்க வீட்ல இவுக காய்ச்சல்ல நாக்கு செத்துக் கெடக்காக, கொஞ்சம் கொண்டு போறேன்.”

திரும்பினேன். அவர் கையில் திறந்த பாட்டில், கரண்டி நிறைய ஜாம்.

“நக்கோ! நக்கோ!” என்று கத்தினேன்.

“நக்கத்தான போறேன்” என்று சிரித்துக்கொண்டே கரண்டியை ஒரு நக்கு நக்கினார். “ஆத்தாடி, நல்லா இருக்கே!”

நான் சும்மா இருந்திருக்கலாம். கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டிருந்தால் போதும். அவருக்குத் தெரியப்போவதில்லை. மறுநாள் நான்கு மணிக்கு வந்திருப்பார். சொன்னால் வருவாரா என்பது தெரியாது. அந்த வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை.

“அதுல பன்றிக்கறி இருக்கு” என்றேன்.

கரண்டியை மேடையில் வைத்தார். சிங்க்கில் மூன்று முறை வாய் கொப்பளித்தார். குழாயை இறுக்கி மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“மேல் தட்டுலல்லாக்கா இருந்துச்சி.”

ஆமாம். ஜாம்தானே என்று மற்ற ஜாம் பாட்டில்களோடு நான்தான் வைத்திருந்தேன். யாரையோ ஏய்க்க வைத்த பெயரை நானே நம்பியிருக்கிறேன். “தப்பு என்னோடதுதான்” என்றேன். எப்போதும் சொல்லும் “வாரேன்க்கா” இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆறு நாட்கள் வரவில்லை. எதிர் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. கதவு திறந்து மூடுவதும் கேட்டது. இரண்டு முறை காலிங் பெல் வரை கையைக் கொண்டுபோய்த் திரும்பினேன்.

ஏழாம் நாள் நான்கு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. கையில் பிளாஸ்கும் இரண்டு டம்ளர்களும் வைத்திருந்தார்.

“கீழ பெஞ்சுக்குப் போவமாக்கா? காத்து நல்லா வரும்.”

காற்றே இல்லை. குழந்தைகளின் சறுக்குமரத்தருகே உட்கார்ந்து குடித்தோம். “இவுகட்ட சொல்லல” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். அதன் பிறகு தினமும் பெஞ்சுதான், தினமும் அரை மணி நேரம்தான். சீனி வேண்டுமா என்று கேட்பதில்லை, போடாமலே கொண்டுவருவார்.

ஜூனில் மழை பிடித்தது. அன்று நான்கு மணிக்கு அவர் கதவு திறந்தது, என் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். “உள்ள வாங்க” என்றேன். “இருக்கட்டும்க்கா” என்று தன் வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். நான் என் வாசலில் போட்டேன். நடுவில் ஐந்தடி நடைபாதை. எட்டி டம்ளரை நீட்டினார், எட்டி வாங்கினேன். மழை நாட்களில் இன்றும் இப்படித்தான்; யாராவது நடந்து போனால் இருவரும் காலை மடக்கிக்கொள்கிறோம்.