நாத்தனார் அரைத்த நித்தியகல்யாணி

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயிற்றுவலியை அல்சர் என்று நினைத்து ஆறு மாதம் மோரும் கஞ்சியுமாக ஓட்டினேன். கடைசியில் ஆபரேஷன் செய்து பார்த்தபோது குடலில் புற்றுநோய். மருந்துக்குக் கேட்கிற வகைதான் என்று டாக்டர் தைரியம் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி. கூட வந்தது என் நாத்தனார். அவள் கணவர் துபாயில் இருந்ததால் எங்களோடு தங்கியிருந்தாள். அதுவரை எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. குழம்பில் உப்பு கூடியதற்கெல்லாம் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்.

ஊசி மருந்துகளில் ஒன்றை நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிறார்கள் என்று நர்ஸ் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எங்கள் நாஞ்சில்நாட்டில் அதைச் சுடுகாட்டு மல்லி என்பார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். அடுத்த ஊசிநாள் காலையில் நாத்தனார் ஒரு டம்ளர் பச்சைச் சாற்றை நீட்டினாள். முந்தின நாளே பஸ் ஏறிப்போய், சுடுகாட்டு மதிலோரம் பறித்து வந்திருக்கிறாள். வாய்வரை கொண்டுபோய்விட்டேன். என்ன தோன்றியதோ, நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றேன். நாத்தனார் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டாள்.

மலையாளியான அந்த நர்ஸ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். திட்டவில்லை.

“இது குடிக்கான் பாடில்ல, குடிக்கவே கூடாது சேச்சி. மூட்டை மூட்டையா இலையிலிருந்து துளி மருந்து எடுக்கும். அதையும் அளந்துதான் நாங்க போடுறது. கூடிப்போனா ஆளு போயிடும்.”

திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனார் மெல்லச் சொன்னாள்: “நானே ஒங்களக் கொன்னுருப்பேனே, மைனி.”

“எனக்காகச் சுடுகாடு வரைக்கும் போயிருக்கியே, அது போதும்” என்றேன்.

அந்த நித்தியகல்யாணி ஊசியில் விரல்கள் மரத்தன. சேலையில் ஊக்குக் குத்தக்கூட முடியாமல் போக, தினமும் அவள்தான் குத்திவிட்டாள். உதிர்ந்த முடியை நான் பார்க்குமுன் பெருக்கித் தள்ளினாள். மலச்சிக்கல் என்னை அழ வைத்தது. அதுவும் அந்த ஊசியின் வேலைதானாம். டாக்டர் சொன்னபடி இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலக்கித் தந்தாள். அதுவும் ஒரு செடிதான் என்று தெரிந்தபோது, “ஒண்ணு அடைக்கி, ஒண்ணு தெறக்கி” என்றாள். தையல் போட்ட வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நோய் போனது. மறுபடி டைப் அடிக்க விரல்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நன்றி சொல்லப் போனபோது அந்த நர்ஸ் கல்யாணமாகி வேறு ஊர் போயிருந்தாள். நாத்தனாரிடம் மட்டும் நேரில் சொன்னேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.