வெள்ளைக்குப் பில் கிடையாது

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலிருந்து மசூதிப் பக்கம் திரும்பினால் ஜஹானாராவின் துணிக்கடை. கீழே கடை, மேலே வீடு. ஃபால்ஸ், லைனிங், பாவாடை, நைட்டி, லுங்கி என்று வீட்டுக்கு வேண்டிய சில்லறைத் துணியெல்லாம் அங்கே கிடைக்கும். போர்டு என்னவோ கலீல் ரகுமான் பெயரில்தான் தொங்குகிறது. ஆனால் அந்த மனிதருக்குக் கடையைவிட வணிகர் சங்கத்தின் மேல்தான் உயிர். கல்லாவில் உட்கார்ந்து கடையை ஆண்டவள் அவர் பெண்டாட்டி ஜஹானாரா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவளைப் பார்த்து, "அந்த வெலைக்கு எங்கியாவது கெடச்சா எனக்கும் ரெண்டு வாங்கியாம்மா" என்பாள். கேட்டவளும் சிரித்துக்கொண்டே காசை எடுப்பாள்.

கேட்ட துணி இல்லையென்றால் பட்டென்று "இல்ல" என்று சொல்லிவிடுகிறவள்தான் அவள். மயில்கழுத்துக் கலரில் லைனிங் இல்லை, எக்ஸ்எல்லில் நைட்டி இல்லை, கடன் இல்லவே இல்லை. ஒரே ஒரு துணிக்கு மட்டும் அந்தச் சொல் அவள் வாயில் வராது. அதுதான் வெள்ளை.

வெள்ளை என்றால் கஃபன். மவுத்தானவரைக் குளிப்பாட்டி, சுற்றி அடக்கம் செய்கிற துணி. அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்பும்? கடைக்கு வருகிறவர்கள் "வெள்ளை வேணும்" என்பார்கள். ஜஹானாராவும் யாருக்கு, என்ன ஆச்சு என்று நோண்ட மாட்டாள். "ஆம்பளையா, பொம்பளையா?" என்று மட்டும் கேட்பாள். ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து துண்டு. அளந்து கிழித்து மடித்த செட்டுகள் கல்லாவுக்குப் பின்னால் மர அலமாரியின் மேல்தட்டில் எப்போதும் இருக்கும்.

அவளுடைய அம்மா இறந்தது ஊரே தண்ணீரில் மிதந்த அந்த மழை வெள்ளத்தின்போது. ஒரு கடை திறக்கவில்லை. அவள் தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் எங்கெங்கோ போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றான். கடைசியில் வீட்டில் இருந்த இரண்டு பெட்ஷீட்டைத் துவைத்து, அதில்தான் அம்மாவை அனுப்பினார்கள். அதில் ஒன்றில் ஓரத்தில் சின்னச் சின்ன நீலப் பூ போட்டிருக்கும். பூப்போட்ட பெட்ஷீட்டை அதற்கப்புறம் ஜஹானாரா வீட்டில் விரித்ததே இல்லை. தன் வாசலுக்கு வந்து ஒருத்தரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தவள்.

வெள்ளைக்கு விலையும் கிடையாது, பில்லும் கிடையாது. முன்பு பில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர், வாங்கிய பில்லையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னவென்று ஜஹானாரா எட்டிப் பார்த்தாள். அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: "நன்றி! மீண்டும் வருக." அடப்பாவி! கஃபன் வாங்கியவரை மீண்டும் வா என்றா கூப்பிடுவது? அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றோடு சரி. வெள்ளை எடுக்கிறவர்கள் வாசல் பக்கம் இருக்கும் டப்பாவில் முடிந்ததைப் போடலாம், முடியாதவர்கள் போடாமலே போகலாம். கடையில் பல வருஷமாக வேலை செய்யும் ஜெகதீசனுக்கும் இதை மண்டையில் ஏற்றிவிட்டாள். "ஜெகதீசா, எதுக்கு வோணா பில்லு போடு. வெள்ளைக்கு மட்டும் பேனாவையே தொடாத."

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்தான் சாஃப்ட்வேர் வந்தது. கொண்டுவந்தவள் மகள் சைமா. வேலப்பன்சாவடியில் பி.காம். முடித்த பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியையும் எண்ணி ஏற்றினாள். அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியும் போட்டாள். இத்தனைக்குக் கீழே போனால் இத்தனை வாங்கு என்று. "இனிமே நீ ஃபோன் பண்ணவே வேணாம்மா. பில்லு போடப்போட ஸ்டாக்கு கொறயும். கொறஞ்சா அதுவே சௌகார்பேட்டை மொத்தக் கடைக்கு ஆர்டர் போட்டுடும்."

"அதுவேன்னா? எதுடி?"

"சாஃப்ட்வேரும்மா."

ஜஹானாரா நம்பவில்லை. ஆனால் பத்தே நாளில், யாரும் கேட்காமலே கறுப்பு ஃபால்ஸ் பார்சல் வாசலில் வந்து இறங்கியது. அவள் வாயைப் பிளந்துவிட்டாள். "இன்னாடி இது, பேய் புகுந்த மாதிரி கீது" என்று சொல்லிக்கொண்டே பார்சலைப் பிரித்தாள். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் மகள் புராணம்தான்.

அதற்கப்புறம் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். குனியக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் அலமாரியைத் திறந்து வெள்ளையைத் தடவி எண்ணிப் பார்க்கிற வழக்கம் அதோடு நின்றது. மாடியிலிருந்தபடியே மகளைக் கேட்பாள். சைமா செல்போனைப் பார்த்து, "இருக்கும்மா, நெறைய இருக்கு" என்பாள். ஜஹானாராவும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

மே ஐந்து வந்தது. வணிகர் தினம். தெருவில் ஒரு ஷட்டர் திறக்கவில்லை. டீக்கடைகூட மூடிக் கிடந்தது. கலீல் ரகுமான் சங்கத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே மாநாட்டு வேனில் ஏறிவிட்டார். காலை பத்து மணிவாக்கில் கீழே ஷட்டரை யாரோ தட்டினார்கள். ஜஹானாரா கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கிவந்தாள்.

ஜமீலாவின் மகன் சர்ஃபராஸ் நின்றுகொண்டிருந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஜமீலா அடுத்த தெரு. ஜஹானாராவோடு ஒன்றாகப் படித்தவள், ஒரே வருஷத்தில் கல்யாணம் ஆகி ஒரே ஊரில் வாழ்க்கைப்பட்டவள்.

"வெள்ளை வேணும்" என்றான் சர்ஃபராஸ்.

அவர்கள் வீட்டுப் பக்கம் வயசான சொந்தக்காரர்கள் நிறைய. ஜஹானாரா வழக்கம்போல ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுக் கேட்டாள்: "ஆம்பளையா, பொம்பளையாப்பா?"

"அம்மா."

தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். "சொல்லுப்பா."

"அம்மா…"

"அட, சொல்லுப்பா. கேக்குறேன்ல, ஆம்பளையா, பொம்பளையா?"

அவன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். "எங்கம்மாம்மா. காத்தால எழுப்பப் போனேன். எழுந்துக்கல."

நேற்று சாயங்காலம்தானே ஜமீலா வந்து, கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, ஜஹானாராவின் மூக்கில் நிற்காத கண்ணாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனாள்? அந்தச் சிரிப்பு இன்னும் மாடி அறையிலேயே இருக்கிறதே! "இன்னாலில்லாஹி" என்று மவுத்துக்குச் சொல்கிற வாசகத்தை ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் எங்கோ போய்விட்டது. கைதான் பழக்கத்தில் அலமாரியைத் திறந்தது.

மேல்தட்டு காலியாகத் தெரிந்தது.

கண்தான் தெரியவில்லை என்று நினைத்து, கையை விட்டுத் துழாவினாள். பலகை தட்டுப்பட்டது. விரிப்புக்குப் போட்டிருந்த பழைய பேப்பர் தட்டுப்பட்டது. ஆண்களுக்கான பக்கத்தில் ஒன்றே ஒன்று கிடந்தது. பெண்கள் பக்கம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"சைமா! எங்கடி வெள்ளை?"

சைமா செல்போனை எடுத்துப் பார்த்தாள். "பன்னெண்டு இருக்குதும்மா."

"எங்க கீது? கண்ணு எனக்கா போச்சு, உனக்கா? இங்க வந்து பாரு!"

சைமா அலமாரியைப் பார்த்தாள், செல்போனைப் பார்த்தாள், மறுபடி அலமாரியைப் பார்த்தாள். ஜெகதீசனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வெள்ளையா பாப்பா? பொம்பளைக்கு இருந்த கடேசி செட்டு போன வாரமே போயிடுச்சே" என்றான் ஜெகதீசன் சாதாரணமாக.

"போச்சுன்னா பில்லு போட்டீங்களாண்ணே?"

"இன்னா பாப்பா நீ? வெள்ளைக்கு என்னிக்கு பில்லு போட்டோம்? பாயம்மா என்ன வெட்டிப் போட்டுட மாட்டாங்க?"

"தீந்துபோச்சுன்னு சொல்லக் கூடாதாண்ணே?"

"எல்லாம் அதுவே ஆர்டர் போட்டுக்கும், யாரும் பாக்கவே வோணாம்னு நீதானே சொன்ன? நான் பார்சல் வரும், வரும்னு பார்த்துகினே கீறேன்!"

பில் போடாத துணி குறைந்ததை அந்தச் சாஃப்ட்வேர் எப்படித் தெரிந்துகொள்ளும்? அதைப் பொறுத்தவரை, பூந்தமல்லியில் யாருமே சாகவில்லை. ஜெகதீசன் சொன்னபடி செய்தான், சாஃப்ட்வேரும் சொன்னபடி செய்தது. யாரைத் திட்டுவது?

வெளியே சர்ஃபராஸ் குந்தியபடியே தலையைத் தூக்கிப் பார்த்தான். "இல்லியாம்மா?"

அந்த வார்த்தை ஜஹானாராவை அறைந்த மாதிரி இருந்தது. அவளுக்கு அந்த நீலப் பூ பெட்ஷீட் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஊரே கடை அடைத்த நாளில் இந்தப் பிள்ளை எங்கே போய் அலையும்? அதுவும் யாருக்கு? ஜமீலாவுக்கு!

"யார் சொன்னது இல்லன்னு? மேல கீது. நீ இரு, இதோ வந்துட்டேன்."

குனியக் கூடாதவள், படி ஏறக் கூடாதவள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடுவிடென்று ஏறினாள். பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் பட்டுப் புடவைக்கும் கீழே, ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. உம்ரா போனபோது மக்காவில் வாங்கி, ஜம்ஜம் தண்ணீரில் நனைத்து, லாட்ஜ் மாடியில் உலர்த்தி எடுத்துவந்த துணி. ஐந்து துண்டு. தனக்கென்று வைத்திருந்தாள். மகளுக்குத் தெரிந்தால் அழுவாள் என்று சைமாவிடம்கூடச் சொன்னதில்லை. கையில் எடுத்து ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கீழே கொண்டுவந்து சர்ஃபராஸிடம் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போப்பா. குளிப்பாட்ட நானும் வரேன்னு சொல்லு."

அவன் டப்பாவைத் தேடினான். "ஒத வாங்குவ, போ" என்று விரட்டினாள்.

ஜமீலாவுக்கு மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தபிறகுதான் ஜஹானாரா கல்லாவில் வந்து உட்கார்ந்தாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. சைமா அதற்குள் கணக்கைச் சரிசெய்கிறேன் என்று, எடுத்துப்போன வெள்ளைச் செட்டையெல்லாம் மொத்தமாக விற்றதாக ஏற்றிவிட்டிருந்தாள். டிங் என்று செல்போன் சத்தம் போட்டது. அவள் படித்தாள். படித்தவள் செல்போனை மறைத்துக்கொண்டாள்.

"இன்னாடி? காட்டு."

"வேணாம்மா."

"படிடின்னா."

சைமா படித்தாள். "வாழ்த்துகள்! இந்த வாரம் உங்கள் கடையில் அதிகம் விற்பனையான பொருள், வெள்ளை. இருப்பை இரட்டிப்பாக்கலாமா?"

"அஸ்தஃபிருல்லாஹ்!" ஜஹானாரா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சாவுக்கு வாழ்த்து சொல்லுதாடி அது? மீண்டும் வருகன்னு சொல்ற பில்லே தேவலாமே!"

சைமா அழ ஆரம்பித்துவிட்டாள். "தூக்கிடறேம்மா. இந்த விதி, சாஃப்ட்வேர், எல்லாத்தையும் தூக்கிடறேன்."

"எதுக்குத் தூக்கற? ஃபால்ஸ் ஒழுங்காத்தானே வருது? அதுங்கிட்ட நாம சொல்லல, அதுக்குத் தெரியல. பில்லு போடாம, கணக்குல மட்டும் கழிக்க ஏதாவது வழி கீதா பாரு."

தேடினால் வழி இருந்தது. விலை, பில், நன்றி எதுவும் இல்லாமல், எடுத்ததை மட்டும் கழித்துக்கொள்ளும். சைமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெகதீசனைப் பக்கத்தில் நிற்கவைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று இரண்டு தடவை காட்டினாள். பிறகு விதியைப் புதிதாகப் போட உட்கார்ந்தாள்.

"எத்தனைக்குக் கீழ போனா ஆர்டர் போகணும்மா?"

"ஆம்பளைக்கு அஞ்சு. பொம்பளைக்கு ஆறு."

"பொம்பளைக்கு ஏம்மா ஒன்னு ஜாஸ்தி?"

ஒரு வாடிக்கைக்காரி கேட்ட பாவாடையை மடித்துக்கொண்டே ஜஹானாரா சொன்னாள்: "அந்த ஒன்னு கடையோடது இல்லடி. என்னுது. பீரோல வச்சிருந்ததுதான் ஜமீலாவுக்குப் போயிடுச்சே."

சைமாவுக்கு முதலில் விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா மாடியிலிருந்து கொண்டுவந்தது மிச்சம் கிடந்த பழைய ஸ்டாக் என்றே இந்த மூன்று நாளும் நினைத்திருந்தாள். விளங்கியதும் செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா…" என்றாள்.

"கூப்புடாத. போடு."

ஆறு என்று போட்டாள். 'சேமி' என்ற பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதை அழுத்த அவளுக்கு விரல் எழும்பவில்லை. ஜஹானாரா பாவாடையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, எட்டி, தானே அழுத்தினாள்.