பாளையங்கோட்டைக்குப் போன கார்

தேனியில் பெரியகுளம் சாலையில் ஏசுதாசன் ஆட்டோ கன்சல்டிங் நடத்திக்கொண்டிருந்தார். பழைய கார், ஜீப், வேன் எதுவானாலும் வாங்கிச் சரிபண்ணி விற்பார். வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு தகரக் கதவுதான். பேரம் ஒரு மாதிரி படிந்து வருகிறது என்றால் ஏசுதாசன் அந்தக் கதவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அவருடைய மனைவி ஞானபாக்கியம் காபித் தட்டோடு வருவாள்.

போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண் அவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். சபையில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். தெருவில் யாராவது வெளியூர் போனால் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு முகம் அவளுக்கு. அந்த முகத்தின் பயன் முதலில் ஏசுதாசனுக்குத்தான் தெரிந்தது. காபி கொடுக்கும்போது அவள் சும்மா ஒரு வார்த்தை சொல்வாள். வீட்டு ஆள் மட்டும் ஓட்டிய வண்டி என்பாள், டாக்டர் வைத்திருந்த வண்டி என்பாள். பாதி உண்மையாக இருக்கும். மீதியை அவள் யோசித்ததில்லை. வியாபாரத்தில் எல்லோரும் பேசுகிற பேச்சு என்று விட்டுவிட்டாள்.

எண்பத்தெட்டாம் வருடம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளைக் கார் லாரியில் ஏறி வந்தது. போடிமெட்டு மலைப்பாதை வளைவில் உருண்ட வண்டி. கூரை நசுங்கி, கண்ணாடி எல்லாம் போய், முன்பக்கம் கோணிக்கொண்டு கிடந்தது. அதை இறக்குவதை ஞானபாக்கியம் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்களா என்று கேட்டாள். பிழைத்துவிட்டார்களாம். டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் புரட்டாசி வரை நடந்தன. முடிந்தபோது வண்டியில் ஒரு கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜை நெருங்கும்போது சுருளிப்பட்டியிலிருந்து கோட்டைச்சாமி வந்தார். வாழையும் திராட்சையும் போடுகிற விவசாயி. வாழைத் தோட்டத்தில் பாதியை ஒத்திக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் பூமாரிக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிவிட்டன. கம்பத்தில் பிளஸ் டூ படிக்கிறாள். கூட்டமான பஸ்ஸில் அவளை ஏற்றி இறக்க முடியவில்லை. அதனால்தான் கார்.

ஏசுதாசன் வெள்ளைக் காரைக் காட்டினார். கோட்டைச்சாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், மனசு வராமல் நின்றார். ஞானபாக்கியம் காபி கொண்டு வந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. எம் மகளுக்குக் கால் ஆகாது. அவளை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு நம்பி வாங்கலாமா?"

அன்று ஏசுதாசன் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை, கண்சாடைகூடக் காட்டவில்லை. வார்த்தை தானாக வந்தது.

"பயப்படாம வாங்கிட்டுப் போங்கண்ணே. போன மாசம் இதுலதான் குடும்பத்தோட பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வந்தோம். ஓரிடத்துலகூட நிக்கலை."

அவர்கள் பாளையங்கோட்டைக்குப் போனது உண்மை. போனது பஸ்ஸில்.

கோட்டைச்சாமியின் முகம் தெளிந்தது. காபியை வாங்கிக் குடித்தார். சாயங்காலத்துக்குள் வண்டி கைமாறிவிட்டது.

கார்த்திகை மாதம் அவர் திரும்பி வந்தார், காரில்லாமல். வாங்கிய சில நாளிலேயே வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்ததாம். முன் டயர்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்தன. பள்ளத்தில் இறங்கினால் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஒருநாள் பூமாரியைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழியில் ஸ்டியரிங் பிடிக்குக் கட்டுப்படாமல் வண்டி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளைக்கு அடி பெரிதாக இல்லை. காலில் மாட்டியிருந்த இரும்புச் சட்டம்தான் வளைந்துபோனது. கம்பத்து மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அடிச்சட்டமான சேஸிஸை அறுத்து வெல்டிங் வைத்துத் தார் பூசி மறைத்திருக்கிறார்கள், இதில் இனி யாரையும் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

தகரக் கதவுக்குப் பின்னால் நின்று ஞானபாக்கியம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசுதாசன் நிதானமாகத்தான் பேசினார். பழைய வண்டி என்று தெரிந்தே வாங்கினீர்கள், ஓட்டிப் பார்த்தீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள், கேட்டைத் தாண்டிய பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்.

கோட்டைச்சாமி குரலை உயர்த்தவில்லை. "ஒங்க பேச்சை நான் நம்பலை மொதலாளி. யாவாரி பேச்சு எப்பிடியிருக்கும்னு தெரியாதா? வீட்டம்மா சொன்னாக. அதை நம்பித்தான் வாங்குனேன்."

அவளைக் கூப்பிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஞானபாக்கியத்துக்குப் பின்னால் பலமுறை தோன்றியது.

அன்றைக்கு அவள் கணவனிடம் சண்டைக்குப் போனாள். அந்தப் பிள்ளையின் உயிர் போயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நானா ஒன்னைச் சொல்லச் சொன்னேன்?" என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகள் பாடம் வந்தது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற ஒன்பதாவதை மட்டும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொட்டகையில் பேரம் நடந்தால் காபியைக் கதவோரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தை பிறந்த பிறகு மதுரை நுகர்வோர் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பொருள் வாங்கி ஏமாந்தவர்களுக்கென்று புதுச் சட்டம் வந்திருப்பதையும், வக்கீல் வைக்காமலே மனுக் கொடுக்கலாம் என்பதையும் பூமாரி வானொலியில் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் போக வழியில்லாமல் வீட்டில் கிடந்தவள், மனுவைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். பழைய சாமானாகவே இருக்கட்டும், பழுதை மறைத்து, இல்லாததைச் சொல்லி விற்றது குற்றம் என்று எழுதியிருந்தாள். கடைக்காரரின் மனைவி சொன்ன பாளையங்கோட்டைப் பயணமும் அதில் இருந்தது.

ஏசுதாசன் முதலில் சிரித்தார். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு சிரிக்கவில்லை. "நீ அன்னைக்கு வெளியவே வரலைன்னு பதில் போட்டுருவோம். ஒருத்தரும் ஒன்னைப் பாக்கலை. அம்புட்டுத்தான்" என்றார்.

அவள் மறுநாள் போடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கம்பம் பஸ்ஸில் ஏறினாள். கம்பத்தில் இறங்கி சுருளிப்பட்டிக்கு வேறு பஸ் பிடித்தாள். வழி நெடுக, என்ன சொல்வது என்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்தாள். ஒன்றும் தேறவில்லை.

கோட்டைச்சாமியின் வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் வெள்ளைக் கார் நின்றது. முன்சக்கரங்களைக் கழற்றிக் கல்லின் மேல் நிறுத்தியிருந்தார்கள். பூமாரி கட்டிலில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பொன்னாத்தாள் வந்தவளை யாரென்று தெரியாமல் உட்காரச் சொன்னாள். ஞானபாக்கியம் உட்காரவில்லை.

"நான் தேனிக் கடைக்காரர் வீட்டம்மா. அன்னைக்கு அண்ணங்கிட்ட நான் சொன்னது பொய். பாளையங்கோட்டைக்கு நாங்க பஸ்ஸுலதான் போனோம். இது உருண்டு வந்த வண்டின்னு எனக்குத் தெரியும்."

பொன்னாத்தாள் அவளையே பார்த்தாள். "பிள்ளைக்குக் கால் ஆகாதுன்னு அவுக சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தெரிஞ்சேதான் சொன்னீகளா?"

"தெரிஞ்சேதான்."

அதன் பிறகு பொன்னாத்தாள் அவளை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். பூமாரிதான் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "இதை மதுரைக்கு வந்து சொல்லுவீகளா?"

சொல்லுவேன் என்றாள் ஞானபாக்கியம். கோட்டைச்சாமி தோட்டத்திலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பஸ் நிற்கும் இடம் வரை கூட நடந்து வந்தார். பஸ் வரும்போது, பிள்ளை பள்ளிக்கூடம் போன நாள் போதவில்லை, இந்த வருடம் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் போன இடத்தைக் கணவனிடம் சொன்னாள். "புருசனுக்கு எதிராச் சாட்சி சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"நான் சொன்னதைத்தான் நான் சொல்லப் போறேன்."

இரண்டு நாளில் ஏசுதாசன் ஆளை விட்டுப் பேசினார். காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் குறையாமல் கொடுத்தார். கோட்டைச்சாமி தோட்டத்தை மீட்டார், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பூமாரியைக் கம்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு அருகிலிருந்த உறவினர் வீட்டில் விட்டு மறுவருடம் எழுத வைத்தார்கள். போன வருடம் போனதுதான்.

விற்ற வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்ட கடை என்று தேனி பஜாரில் ஏசுதாசனுக்குப் பெயர் வந்தது. அவரே அதை வருகிறவர்களிடம் சொன்னார். அது வியாபாரத்துக்கு நன்றாக உதவியது. கேட்கும்போதெல்லாம் ஞானபாக்கியம் உள்ளே போய்விடுவாள். ஆனாலும் மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொட்டகையின் கடைசியில் அந்தக் கார் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, இனி அதில் யாரும் ஏறப்போவதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

வைகாசியில் போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தபோது அந்த இடம் காலியாக இருந்தது. பேரீச்சம்பழக்காரனுக்குப் போடுகிற மாதிரி உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் எண்ணினாள். கணவனிடம் கேட்டாள்.

"வித்தாச்சு. புரோக்கர் மூலமா சங்கரன்கோயில் பக்கம் போயிருச்சு."

"உருண்ட வண்டின்னு சொன்னீகளா?"

"அவன் கேக்கலை."

யார் வாங்கினார், எந்த ஊர் என்று கேட்டாள். புரோக்கரைத்தான் கேட்க வேண்டும் என்றார். புரோக்கர் பிடி கொடுக்கவில்லை. பெயிண்டரை விசாரித்தபோது, வண்டிக்கு நீலக்கலர் அடித்து அனுப்பியதாகச் சொன்னான். ரோட்டில் எதிரே வந்தால்கூட அவளுக்கு அடையாளம் தெரியாது.

பணம் திரும்பிப் போன அன்றைக்கே, அந்த வண்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. தன் வார்த்தை கழுவப்பட்டால் போதும் என்று இருந்துவிட்டாள். அந்த நீலக் காரில் யார் யாரை ஏற்றிக்கொண்டு போகிறார்களோ.

அந்த மாதத் திருவிருந்து ஆராதனையில் எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போனார்கள். ஏசுதாசனும் போய் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டார். மனதில் குற்றம் இருக்கும்போது அதை வாங்கக் கூடாது என்று ஞானபாக்கியம் எழுந்திருக்கவில்லை. வெளியே வரும்போது போதகர் வீட்டம்மா கையைப் பிடித்து ஏன் வரவில்லை என்று அன்பாக விசாரித்தாள். உடம்புக்கு முடியவில்லை என்றாள் ஞானபாக்கியம்.

அதுவும் பொய் என்பது வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது.