சாம்பலின் தாய்வீடு

அண்ணியின் சமையலறை ஜன்னலில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே அழுக்கு நிறத்தில் கொஞ்சம் கல்லுப்பு. அதை எடுத்து யாரும் எந்தக் குழம்பிலும் போட்டதில்லை. ஜன்னலைத் துடைக்கும்போது தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி அங்கேயே வைப்போம். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகும் அப்படித்தான்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீர் இறங்கிக் கிணறு உப்பானதும் கரும்பு போயிற்று, தென்னை காய்ப்பை நிறுத்தியது. அண்ணன் கையை உதறிவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். அண்ணி உதறவில்லை. விறகுக்கென்றே சவுண்டல் நட்டார். அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிற மரம் அது. ஆம்பூர் பிரியாணிக் கடைகளின் அடுப்புகளுக்கு எங்கள் விறகுதான் போனது. நான் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாளில் அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசை செய்வேன்.

முதல் வெட்டில் மரங்கள் தொடை பருமன் இருந்தன. வெட்ட வெட்ட, துளிர்கள் நோஞ்சானாக வந்தன. நிலத்தின் சத்தெல்லாம் விறகோடு வண்டியேறிப் போகிறது என்று அண்ணி கணித்தார். அடுத்த துளிரும் தேறாவிட்டால் நிலத்தை விற்றுவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். உர மூட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று போட்டிருக்குமல்லவா, அண்ணி அந்தப் பேர்களை அப்படியே எடுத்துக்கொண்டார். “தழை நம்மகிட்ட கீது. சாம்பல் பிரியாணிக் கடையில கீது. எதுக்குக் கவலை?” என்றார். இலையும் சிறு கிளையும் வெட்டின இடத்திலேயே கிடக்கட்டும் என்று ஆட்டுக்காரர்களைத் துரத்தினார். அடுப்புச் சாம்பலைத் திருப்பிக் கேட்டார். “பொண்ணக் கட்டிக் குடுத்தா தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாறோம் இல்ல? விறகும் நம்ம வூட்டுப் பொண்ணுதான்.” ஊரே சிரித்தது. எனக்கோ அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

சாம்பல் வந்த குட்டியானை வண்டியைப் பக்கத்து நிலத்து மேஸ்திரி வரப்பு முனையிலேயே மறித்துவிட்டார்.

“இன்னாம்மா, தோல் ஷாப்பு வேஸ்ட்டக் கொண்ணாந்து கொட்றியா? கெணறு போனது பத்தாதா?”

“பிரியாணி அடுப்புச் சாம்பல் அண்ணே.”

“அப்ப ஏன் தோல் நாத்தம் அடிக்குது?”

நாற்றம் எனக்கும் அடித்தது. அண்ணி அசரவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி, “நல்லாப் பாத்துக்குங்க” என்று மண்வெட்டியால் அடிவரை தோண்டினார். சாம்பலுக்குக் கீழே கல்லுப்பு. அதுவரை பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு ஏற்றிவந்த வண்டி அது. வாடகை கம்மி என்று பேசியவர் அண்ணிதான். எந்த உப்பு எங்கள் நிலத்தைத் தின்றதோ, அதையே வரவேற்று உள்ளே விட இருந்தார்.

ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மாறவேயில்லை.

“மேஸ்திரி சொல்றது ரைட்டு. நாந்தான் ராங்கு. வண்டியத் திருப்புப்பா.”

தோற்றுப்போனதை இவ்வளவு நிமிர்ந்து சொன்ன ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பும்போது ஒரு பிடி உப்பை முந்தானையில் முடிந்துகொண்டார். மேஸ்திரிக்குக் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. “நம்ம டிராக்டர் டிப்பர்ல நெல்லும் எருவுந்தான் ஏத்தினது, எடுத்துக்கோ” என்றார். மழைக்கு முன்னால் சாம்பல் அவர் வண்டியிலேயே வந்து இறங்கியது. அந்த வருடத்துத் துளிர்கள் என் மணிக்கட்டைவிடத் தடித்தபோது அண்ணன் பெங்களூரிலிருந்து வந்து, விற்கிற பேச்சை எடுக்காமலே திரும்பிப் போனார்.

இன்று காலை சாம்பல் வந்தது. மேஸ்திரியின் மகன்தான் ஓட்டிவந்தான். தண்ணீர் குடிக்க வந்தவன் ஜன்னலைப் பார்த்து, “இன்னாக்கா இது, பழைய உப்பு?” என்றான்.

“அண்ணி வெச்சது” என்றேன்.

வெளியே வந்து, அவன் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் டிப்பரில் ஏறி அடிவரை தோண்டிப் பார்த்தேன். சாம்பல்தான்.

“கொட்டுப்பா” என்றேன்.