செலவில்லாமல் அழிந்த உலகம்

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மஸ்கெலியா நீர்த்தேக்கம் வற்றி, தண்ணீருக்குள் கிடந்த பழைய கோயில் வெளியே வந்தது. சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த சேறு, செத்துப்போன மரங்களின் அடிக்கட்டைகள். ஊர்ச்சனம் குடும்பம் குடும்பமாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது. போன் திருத்தும் கடை வைத்திருந்த என் நண்பன் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"மச்சான், ஒலகம் அழிஞ்சு போச்சுடா! அதுவும் நமக்குச் செலவே இல்லாம!"

அவனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே படம் எடுக்கும் பைத்தியம். மூன்று நாளில் கதையைக் கட்டிவிட்டான். பூமி காய்ந்துவிடுகிறது. மிஞ்சியது ஒரே ஒரு பாக்கெட் தேயிலைத்தூள். அதற்காக மனிதர்கள் வெட்டிக் குத்திக்கொள்கிறார்கள். கதாநாயகன் நான். உரச்சாக்குச் சட்டை, சைக்கிள் டியூப்பில் தோள்கவசம், தலையில் ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி.

நான் வேலை பார்த்த துணிக்கடையின் பின்னறையில் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து பார்த்தார். வாடிக்கையாளர்களிடம்கூடச் சிரிக்காத மனிதர். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"தம்பி, எல்லாருக்கும் வேஷம் இருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லியா?"

அவர்தான் வில்லன் ஆனார். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை அவர் கழற்றவே இல்லை. கொல்வதற்கு முன் ஒவ்வொருவரையும் தோள், நெஞ்சு என்று அளவெடுப்பது அவருடைய சொந்தக் கற்பனை.

ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு. தகரம் கட்டிய மோட்டார் சைக்கிளில் முதலாளி சேற்றுவெளியில் சீறி வந்து நின்று கர்ஜித்தார்.

"ஒலகம் அழிஞ்சிருச்சு! எல்லாரும் மண்டி போடுங்க!"

நாங்கள் மண்டி போட்டோம். அப்போதுதான் என் அத்தை விறகுக்கட்டோடு நேரே கேமராவுக்கு முன்னால் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். விடிந்தால் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய வேலை போய்விடும். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒலகம் அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போகுது. நாளைக்குப் பெரட்டுக்கு யாருடா போறது?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. சிரித்த வேகத்தில் மோட்டார் சைக்கிளோடு சாய்ந்தார். நண்பன் படம் பிடித்துக்கொண்டிருந்த போனை அணைக்கவே இல்லை. அன்று மாலையே கதை மாறியது. உலகைக் காப்பாற்றப்போவது அத்தை. நான் அவருக்கு விறகு சுமக்கும் அடியாள்.

பாதிப் படம் முடிவதற்குள் மழை கொட்டியது. ஒரே வாரத்தில் எங்கள் அழிந்த உலகம் தண்ணீருக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கடைசிச் சண்டையைத் தேயிலை மலையில் எடுத்தோம். முதலாளி அளவுநாடாவைச் சுழற்ற, நான் ஒற்றைக் காலில் எகிறி, சுழன்று, தொடையில் அறைந்து, அலறிக்கொண்டு பாய்ந்தேன்.

"சூப்பர்டா! இன்னொரு தடவ அப்படியே!" என்றான் நண்பன்.

"அட்டைடா! காற்சட்டைக்குள்ள அட்டை கடிக்குது!"

அதுவும் படத்தில் இருக்கிறது.

தோட்டத்து மண்டபத்தில் முதல் காட்சி போட்டோம். வந்தவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். ஒருவரும் கைதட்டவில்லை. எனக்குப் படிப்பித்த ஆசிரியர் வாசலில் என் கையைப் பிடித்து, "ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார். நண்பன் ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை.

ஆனால் அத்தை பேசிய அந்தத் துண்டு மட்டும் எப்படியோ போனுக்குப் போன் தாவியது. ஹட்டன் பஸ்ஸில் கண்ணாடி உடைந்தபோது யாரோ பின்னாலிருந்து, "ஒலகம் அழிஞ்சா அழிஞ்சிட்டுப் போகுது," என்றார்கள். பஸ் முழுக்க மீதியைக் கத்தி முடித்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தைத் தங்கள் ஊரில் போடச்சொல்லி லிந்துலையிலிருந்து பொடியன்மார் கேட்டார்கள், கந்தப்பளையிலிருந்து கேட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் முதலாளியிடம், "கொல்றதுக்கு முன்னாடி அளவெடுங்க மொதலாளி," என்று கையை விரித்து நின்றார்கள். அவரும் முகத்தை இறுக்கிக்கொண்டு அளந்தார்.

லிந்துலைக் காட்சிக்கு அத்தையையும் கூட்டிப்போனோம். பிற்பகல் மண்டபத்தில் இருநூறு பேராவது இருப்பார்கள். பாதிப்பேர் என்னைப்போல உரச்சாக்குச் சட்டையில். முதலாளி திரையில் வந்ததும் கொழுந்தை அள்ளி எறிந்தார்கள். என் அட்டைச் சண்டைக்கு எல்லோரும் எழுந்து ஒற்றைக் காலில் குதித்தார்கள். அத்தை என் காதில் கிசுகிசுத்தார்.

"என்னடா இது, நான் வாயைத் தொறக்க முந்தியே இதுக பேசுதுக?"

படம் முடிந்ததும் அவரை மேடைக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் மைக்கைக் கொடுத்தார்கள். அத்தை முந்தானையைச் சரிசெய்தார், தொண்டையைக் கனைத்தார், வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் சிரிப்புத்தான் வந்தது. மைக்கில் அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்க உருண்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பின்வரிசை ஒன்று சிரித்தது, பிறகு எல்லா வரிசையும். நண்பன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர். கடைசிவரை அத்தை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.